வெட்டினவர் போயிட்டார், மிச்சத்தை ஆர் பாக்கிறது?

ஆவணியில் சந்நிதி கொடியேறினால் தொண்டைமானாற்றில் இரண்டு கணக்கெடுப்பு நடக்கும். ஒன்று, இந்த முறை வெளிநாட்டிலிருந்து ஆர் ஆர் வந்திருக்கினம் என்பது. மற்றது, வந்தவையில் ஆர் மெலிஞ்சது, ஆர் கொழுத்தது என்பது. இரண்டாவதுக்குத் தராசு தேவையில்லை. வீதியில் நின்று ஒரு பார்வை பார்த்தாலே முடிவு சொல்லிவிடுவார்கள். அந்த முடிவுகளுக்குள் இப்போது ஒரு புதுக்கதை சேர்ந்திருக்கிறது.

"உவள் ஒப்பரேசன் செய்தவள் எல்லே. போன முறை வரேக்க ஈர்க்கில் மாதிரி வந்தவள். இப்ப பாருங்கோ, திரும்பவும் உடம்பு வச்சிட்டாள். வாயைக் கட்டத் தெரியாட்டி வயித்தை வெட்டி என்ன பிரயோசனம்?"

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வசனத்துக்கு எதிரானது.

சந்நிதியில் வாயைக் கட்டுவது பூசை செய்பவர். வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்வது அந்தக் கோயிலின் வழக்கம். பூசை முடிந்ததும் துணியை அவிழ்த்துவிடுவார். ஆனால் இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்த ஒரு பெண்ணிடம் நாங்கள் எதிர்பார்ப்பது சாகும்வரைக்கும் அவிழ்க்காத கட்டு. அதுவும் தனியே, ஆருடைய உதவியும் இல்லாமல், நாங்கள் எல்லாரும் சுற்றிநின்று "இன்னும் கொஞ்சம் போடட்டே பிள்ளை" என்று அகப்பையோடு நிற்கும்போது.

நிறை திரும்ப ஏறுவது அந்தப் பெண்ணின் ஒழுக்கக்கேடு இல்லை. பாதி உடம்பின் இயல்பு. மீதி, சத்திரசிகிச்சையை விற்றுவிட்டு அதற்குப் பிறகு வரும் இருபது முப்பது வருடத்தை விற்காமல் விட்டவர்களின் குற்றம்.

முதலில் உடம்பின் கதை. இப்போது அதிகம் செய்யப்படும் 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால்வாசிக்கும் மேலே வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் கொள்ளும் சின்னப் பை ஒன்றை உண்டாக்கி, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைத்துவிடுகிறார்கள். சாப்பாடு முன்சிறுகுடலைத் தொடாமல் போகும். சனம் நினைப்பது மாதிரி இது வெறும் பையைச் சிறிதாக்கும் வேலை இல்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோனைச் சுரக்கும் பகுதிதான் ஸ்லீவில் பெரும்பாலும் போகிறது. "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் குடல் ஓமோன்கள் இரண்டு முறையிலும் கூடுகின்றன. அதனால்தான் முதல் வருடத்தில் பசியே இல்லாமல் நிறை கொட்டுகிறது. அந்த முதல் வருடத்தில்தான் முன்-பின் படங்களும் எடுபடுகின்றன.

பிறகு உடம்பு முழித்துக்கொள்கிறது. இழந்த கொழுப்பை உடம்பு வெற்றியாகப் பார்ப்பதில்லை, பஞ்சமாகப் பார்க்கிறது. பஞ்சத்துக்கு அது பழகியது. செலவைக் குறைக்கும், பசியைக் கூட்டும். 2011 இல் மெல்பேர்ணில் செய்த ஒரு ஆய்வில், உணவுக்கட்டுப்பாட்டால் மெலிந்தவர்களின் பசி ஓமோன்கள் ஒரு வருடம் கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று கண்டார்கள். அமெரிக்காவில் ஆர் கூட மெலிவது என்று போட்டி வைத்த ஒரு ரிவி நிகழ்ச்சியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்து 2016 இல் வெளியிட்டார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அதைவிட முக்கியமான விசயம், அவர்களுடைய உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் சக்தி, அந்த நிறைக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே இருந்தது. ஆறு வருடம் கழிந்தும். அது அவர்கள் சாப்பிட்டதால் வந்த குறை இல்லை, மெலிந்ததால் வந்தது.

இவர்கள் சத்திரசிகிச்சை செய்யாதவர்கள். சத்திரசிகிச்சை இந்தப் போரில் ஆயுதத்தைக் கூட்டுகிறது, போரை நிறுத்துவதில்லை. சாதாரணமாக ஒன்று முதல் இரண்டு வருடத்துக்குள் ஆகக் குறைந்த நிறையைத் தொட்டு, பிறகு கொஞ்சம் ஏறுவதுதான் வழமை. விதிவிலக்கு இல்லை, வழமை. இதை எந்த விளம்பரத்திலாவது பார்த்திருக்கிறீர்களா?

விளம்பரத்தில் பார்ப்பது வேறொன்று: "மேலதிக நிறையில் 60 முதல் 70 வீதம் குறையும்." இந்த 'மேலதிக நிறை' என்ற சொல்லில்தான் முழு வித்தையும் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், கொப்பி பென்சில் எடுங்கள். 160 சென்ரிமீற்றர் உயரமான ஒரு பெண், 120 கிலோ. உடற்திணிவுச் சுட்டி கிட்டத்தட்ட 47. சுட்டி 25 என்று வர அவர் 64 கிலோ இருக்கவேண்டும். ஆக மேலதிகம் 56 கிலோ. அதில் பாதி குறைந்தால் 28 கிலோ போகும். அவர் 92 கிலோவில் நிற்பார். உடற்திணிவுச் சுட்டி இன்னும் 36.

மேலதிக நிறையில் பாதி என்பது நீண்டகாலக் கணக்கில் நல்ல பெறுபேறு. பின்லாந்தில் 240 பேரை வைத்துச் செய்த ஆய்வின் பத்து வருட முடிவு 2022 இல் வந்தது. ஸ்லீவ் செய்தவர்களிடம் மேலதிக நிறையில் 43.5 வீதம் குறைந்திருந்தது, பைபாஸ் செய்தவர்களிடம் 50.7 வீதம். எங்கள் உதாரணப் பெண்ணுக்கு இதைப் போட்டால் பத்து வருடத்தில் 92 முதல் 96 கிலோ. மருத்துவம் இதை வெற்றி என்று சொல்லும். சந்நிதி வீதியில் இதை "திரும்ப வச்சிட்டாள்" என்று சொல்வார்கள்.

ஆர் சரி? சுவீடன்காரர் 1987 இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. சத்திரசிகிச்சை செய்த 2010 பேரையும், அவர்களை ஒத்த, செய்யாத 2037 பேரையும் வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை என்பது அதன் குறை, ஆனாலும் இந்த விசயத்தில் இவ்வளவு நீளமாகப் பார்த்தவர்கள் குறைவு. பைபாஸ் செய்தவர்கள் தொடக்கத்தில் மொத்த நிறையில் 32 வீதம் இழந்தார்கள், பத்தாம் வருடத்தில் அது 25 வீதமாகியிருந்தது. ஆனால் அந்த ஆய்வில் பெரும்பான்மையானவர்கள் செய்துகொண்டது இன்று கைவிடப்பட்ட பழைய முறை ஒன்று. அதில் பத்து வருட முடிவு 16 வீதம்தான். எங்கள் 120 கிலோப் பெண் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் 101 கிலோவில் நின்றிருப்பார். ஊர் சிரித்திருக்கும். ஆனால் 2007 இல் வந்த கணக்கின்படி, சராசரி ஏறக்குறைய 11 வருடத்தில் செய்யாதவர்களில் 129 பேர் இறந்திருந்தார்கள், செய்தவர்களில் 101 பேர். வயது, ஆண் பெண், ஏற்கெனவே இருந்த நோய்கள் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் இறப்பு ஆபத்து 29 வீதம் குறைவு.

ஒரு மனிசி சாகாமல் இருக்கிறா. சலரோகக் குளிசை குறைந்திருக்கிறது. முழங்கால் நோகாமல் படி ஏறுகிறா. எங்களுக்கு அவவின் கன்னம் திரும்ப உப்பினதுதான் கண்ணில் படுகுது. இந்தப் பார்வையைத்தான் முதலில் கிளினிக்குக்குக் கொண்டுபோகவேண்டும்.

சரி, கொஞ்சம் ஏறுவது இயல்பு. ஆனால் கொஞ்சம் இல்லாமல் கனக்க ஏறுபவர்களும் இருக்கிறார்கள். குறைந்தது முழுக்கத் திரும்புபவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் மீதில்லை.

பலாலியிலிருந்து சென்னைக்குப் பறக்க ஒன்றரை மணித்தியாலம்கூட எடுக்காது. கொழும்புக்கு ரயிலில் போனால் ஒரு முழுப்பகல் அல்லது ஒரு முழு இரவு. 2022 டிசெம்பரில் விமானம் திரும்ப ஓடத் தொடங்கியதிலிருந்து வடமராட்சிக்காரனுக்குச் சென்னை வைத்தியசாலை பக்கத்து வீடு மாதிரி. கண், இருதயம், பிள்ளைப்பேறு வரிசையில் இப்போது நிறைகுறைப்பும் பொதியாகக் கிடைக்கிறது. இத்தனை நாள் தங்கல், விமான நிலையத்தில் வந்து ஏற்றுவது, பரிசோதனை, சத்திரசிகிச்சை, திரும்பல். பொதி முடியும் இடத்தில்தான் சிகிச்சை தொடங்குகிறது என்று அந்தத் தாளில் எங்கேயும் போட்டிருக்காது.

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகர்த் தனியார் வைத்தியசாலை ஒன்றில் நிறைகுறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்தார். 26 வயது. தமிழக சுகாதாரத்துறை விசாரணை நடத்தி அந்த வைத்தியசாலையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. ரிவிகள் ஒரு கிழமை கத்தின. கத்தவேண்டியதுதான். ஆனால் மேசையில் சாகிறவர்கள் மிகக் குறைவு, ஆயிரத்தில் ஒன்றிரண்டு என்ற கணக்குக்கும் கீழே. உயிரோடு வீட்டுக்கு வருகிற மற்ற எல்லாரையும் பற்றி ஒரு ரிவியும் ஒரு நாளும் கேட்டதில்லை. இரண்டாம் வருடம் என்ன நடந்தது? ஐந்தாம் வருடம்? ஆர் இரத்தம் சோதித்தது?

இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டல் இதை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது: சத்திரசிகிச்சை செய்த நிலையமே குறைந்தது இரண்டு வருடம் பார்க்கவேண்டும், அதற்குப் பிறகு குடும்ப வைத்தியரோடு சேர்ந்து வருடம் ஒருமுறையாவது, வாழ்நாள் முழுக்க. உணவு, மருந்து, உடற்பயிற்சி, மனநலம், விற்றமின். இரண்டு வருடம் என்பது நிறை ஏறத் தொடங்கும் நேரம் என்பதைக் கவனித்தீர்களோ? அங்கேயே பிடி தளர்கிறது. இரவு வேலை, இரண்டு வேலை, மொழி தெரியாத அம்மா என்று இருக்கும் எங்கட சனம் அந்த இடத்தில்தான் நழுவுகிறது. அங்கேயாவது போய்க் கேட்க ஓரிடம் இருக்கிறது. சென்னையில் வெட்டிவிட்டுத் தொண்டைமானாற்றுக்கு வந்தவர் ஆரிடம் போவார்? வாட்ஸ்அப்பில் ஒரு இலக்கம் இருக்கும். முதல் மூன்று மாதம் பதில் வரும்.

பதில் வராத காலத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத்தான் வேணும்.

இரும்புச்சத்து பெரும்பாலும் உறிஞ்சப்படுவது முன்சிறுகுடலில். பைபாஸில் சாப்பாடு அந்த வழியால் போவதில்லை. விற்றமின் பி12 உறிஞ்சப்பட இரைப்பையில் சுரக்கும் பொருள்கள் வேண்டும். இரைப்பையே இல்லை என்கிற அளவுக்கு வெட்டியாயிற்று. அதோடு கல்சியம், விற்றமின் டி, போலிக்கமிலம். மீன் முட்டை தொடாத சைவக்காரருக்கு இது இரட்டிப்புச் சிக்கல். குளிசை வாழ்நாள் முழுக்க. முதல் வருடம் ஒழுங்காகப் போடுவார்கள். பிறகு "இப்ப சுகம்தானே" என்று விடுவார்கள். களைப்பு வரும், தலைமயிர் கொட்டும், கால் விறைக்கும். களைத்த உடம்பு நடக்காது. நடக்காத உடம்பு ஏறும். இதில் வாய்க்கட்டு எங்கே வந்தது? சத்திரசிகிச்சை செய்த ஒருவர் நாள்கணக்காகச் சத்தியெடுத்து, கண் இரட்டையாகத் தெரிகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் அது தயமின் என்ற பி1 குறைபாடாக இருக்கலாம். அது அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டிய அவசரம், விட்டால் மூளையில் நிரந்தரக் காயம். இது தெரியாமல் சீரகத் தண்ணி கொடுத்துப் படுக்க வைக்கும் வீடுகள் இருக்கும். தெரியாதது அந்த வீட்டின் பிழை இல்லை. சொல்லாதவரின் பிழை.

அடுத்தது கலியாணம். உலகம் முழுக்க இந்தச் சத்திரசிகிச்சை செய்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். எங்களிடத்தில் அதற்கு ஒரு மேலதிகக் காரணம் உண்டு, எல்லாருக்கும் தெரியும், ஆரும் எழுதுவதில்லை: சாதகம் பொருந்தினாலும் படம் பொருந்தவேண்டும். 'பேசிச் செய்யிறதுக்கு' முதல் மெலிய வைக்கச் சத்திரசிகிச்சைக்கு அனுப்பப்படும் பெண்களுக்கு ஒரு விசயம் சொல்லப்படுவதே இல்லை. சத்திரசிகிச்சைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போடவேண்டும் என்பது எல்லா வழிகாட்டலிலும் உள்ள விதி. உடம்பு வேகமாக உருகிக்கொண்டிருக்கும் காலத்தில் குழந்தைக்குப் போதிய சத்துப் போகாது. அதே நேரம் நிறை குறைந்ததும் குழப்பமாக இருந்த மாதவிடாய் ஒழுங்காகி, கரு தங்கும் வாய்ப்புத் திடீரென்று கூடும். பைபாஸ் செய்தவருக்கு வாயால் எடுக்கும் கருத்தடைக் குளிசையை முழுக்க நம்பவும் ஏலாது, உறிஞ்சல் மாறியிருக்கும். மாமியார் ஆறாம் மாதமே "ஒண்டும் விசேசம் இல்லையோ" என்று தொடங்கியிருப்பா. அந்தப் பிள்ளை ஆருக்கு என்ன சொல்லும்? சத்திரசிகிச்சை செய்ததையே மறைத்துத்தான் கலியாணம் நடந்திருக்கும். பிறகு கர்ப்பம், நிறை ஏற்றம், பால் கொடுக்கும் காலம், நித்திரை இல்லை. இரண்டு வருடம் கழித்துச் சந்நிதி வீதியில் தீர்ப்பு.

குடியும் ஒரு விசயம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு, விசேசமாகப் பைபாஸுக்குப் பிறகு, மதுசாரம் மிக வேகமாக இரத்தத்தில் ஏறும், அளவு குறைவாகவே வெறிக்கும். 2012 இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, இரண்டாம் வருடத்தில் குடிப்பிரச்சினை கூடுவதைக் காட்டியது. கள்ளிலும் பியரிலும் உள்ள கலோரி எந்தச் சின்ன இரைப்பையாலும் வழுக்கிக்கொண்டு போகும் என்பது வேறு. எங்கட சனம் கனக்கப் பேர் வாழும் ஒன்ராறியோவில் சத்திரசிகிச்சை செய்த 8,815 பேரின் பதிவுகளைப் பார்த்து 2016 இல் வெளியான ஆய்வு இன்னும் கனமானது. செய்வதற்கு முந்திய மூன்று வருடத்தோடு ஒப்பிட்டால், பிந்திய மூன்று வருடத்தில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வந்த சம்பவங்கள் ஏறக்குறைய பாதியளவு கூடியிருந்தன. பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் வருடத்தில். எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று இல்லை, ஏற்கெனவே மனநலச் சிக்கல் இருந்தவர்களிடம்தான் பெரும்பாலும். ஆனால் இரண்டாம் மூன்றாம் வருடம் என்ற சொல்லைத் திரும்பப் பாருங்கள். விளம்பரம் முடிந்த வருடம். நிறை ஏறத் தொடங்கும் வருடம். "வாயைக் கட்டத் தெரியாதவள்" என்று ஊர் சொல்லத் தொடங்கும் வருடம். இதுக்குப் பிறகும் அந்த வசனத்தைச் சும்மா பகிடி என்று சொல்லுவியளோ?

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். சந்நிதியை அன்னதானக் கந்தன் என்று சொல்வார்கள். சுற்றிவர மடங்கள், சந்நிதியான் ஆச்சிரமத்தில் நாளாந்த அன்னதானம். பசியென்று வந்தவன் வெறுவயிற்றோடு போகக்கூடாது என்பது அந்த ஊரின் மானம். இடம்பெயர்வும் பொருளாதாரத் தடையும் கண்ட தலைமுறை சோறு போடுவதை அன்பென்று நினைப்பதில் பிழையில்லை. நான் அந்த அன்புக்கு எதிரி இல்லை. ஆனால் அந்த இலையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மலைபோலச் சோறு, பருப்பு, மரக்கறி இரண்டு மூன்று, அப்பளம், பாயசம். சத்திரசிகிச்சை செய்தவருக்கு நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். சின்ன இரைப்பையில் முதல் புரதம், பிறகு மரக்கறி, கடைசியில் இடமிருந்தால் சோறு என்பதுதான் ஒழுங்கு. எங்கள் இலை தலைகீழ்.

இன்னுமொரு பொறி இருக்கிறது, வெளியாட்களுக்குத் தெரியாது. வெட்டின இரைப்பைக்கு அவித்த கோழித்துண்டு கஷ்டம், இறங்காது, நெஞ்சில் நிற்கும். ஐஸ்கிறீம் இறங்கும். கேக் இறங்கும். சீனி போட்ட பால்தேத்தண்ணி, நெல்லிரசம், பிஸ்கற், பாயசம் எல்லாம் வழுவழுவென்று இறங்கும், வயிறு நிரம்பினதாகவும் தெரியாது. "ஒண்டும் சாப்பிட ஏலாமக் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் நாள் முழுக்க மெத்தென்ற சாப்பாட்டில் கலோரி ஏற்றலாம். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே சாப்பிட ஏலாமல்தான் இருக்கிறது. இதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு போசணையாளர் அரை மணித்தியாலம் அவரோடு இருந்து பேசவேண்டும். அதுதான் பொதியில் இல்லாத அரை மணித்தியாலம்.

எங்களிடம் சாமான் இல்லாமல் இல்லை. ஏரியில் இறாலும் மீனும் இருக்கிறது. முட்டை, பயறு, கடலை, தயிர், கருவாடு, நெத்தலி. ஒடியல் கூழ்கூட, மீனையும் நண்டையும் கூட்டி மாவைக் குறைத்துக் காய்ச்சினால், ஒரு சின்னக் கோப்பை நல்ல சாப்பாடு. சாப்பிடும்போது தண்ணி குடிக்காமல் அரை மணித்தியாலம் விட்டுக் குடிக்கவேண்டும். பைபாஸ் செய்தவர் திருவிழாத் தண்ணீர்ப் பந்தலில் சர்க்கரைத் தண்ணியை மடக்கென்று குடித்தால் வியர்த்து, நெஞ்சு படபடத்து, தலை சுற்றி இருந்துவிடுவார். அதற்கு நாவூறு கழித்துப் பிரயோசனமில்லை. இதெல்லாம் பெரிய விஞ்ஞானம் இல்லை, ஆரும் பத்து நிமிடத்தில் படிக்கலாம். வீட்டில் சமைக்கிறவரையும் கூட்டி இருத்திச் சொல்லிக்கொடுக்க ஆள் வேணும், அவ்வளவுதான்.

நடையும் அப்படித்தான். கொழுப்போடு தசையும் போகிறது, தசை போனால் எரிக்கும் சக்தியும் போகிறது, ஆகவே நடப்பது மட்டும் காணாது, பாரம் தூக்கவேண்டும் என்று எல்லா வழிகாட்டலும் சொல்கிறது. தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் பின்னேரம் ஒரு பெண் தனியே வேகமாக நடந்து பார்க்கட்டும். "எங்க பிள்ளை அவசரமாப் போறாய், சைக்கிள் பழுதே?" மூன்று பேராவது கேட்பார்கள். நாலாவது ஆள் மோட்டச் சைக்கிளில் பின்னால் வருவான். பாரம் தூக்க ஜிம்முக்குப் போனால் கதை இன்னும் நீளும். பிறகு நாங்களே சொல்வோம், பொம்பிளையளுக்கு உடற்பயிற்சியில் அக்கறை இல்லையாம்.

என் வயதுத் தோழர்கள் சிலர் வேறொரு பக்கத்திலிருந்து வருவார்கள் என்று தெரியும். "உடம்பு எப்படி இருந்தாலும் அழகு, இந்தச் சத்திரசிகிச்சையே அழகுச் சந்தையின் வேலை." அழகைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சலரோகம் அழகு பார்த்து வருவதில்லை. தெற்காசிய உடம்பில் அது குறைந்த நிறையிலேயே வருகிறது, அதனால்தான் எங்களுக்கு உடற்திணிவுச் சுட்டி எல்லைகளையே கீழே இறக்கி வைத்திருக்கிறார்கள். 2022 இன் சர்வதேச வழிகாட்டல் ஆசியருக்கு 27.5 இலிருந்தே இந்தச் சத்திரசிகிச்சையை வழங்கலாம் என்கிறது. அந்த எல்லை இறங்க இறங்கச் சந்தை பெருக்கும் என்பது உண்மை. அதனால்தான் சந்தையை மறுப்பதைவிட அதன் பொறுப்பை நீட்டச் சொல்வது அவசரம். மற்றப்பக்கம் யூரியூப்பில் வெந்தயத் தண்ணி விற்பவர்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் இடம் கொடுக்க விருப்பமில்லை.

புது ஊசிமருந்துகள் வந்துவிட்டனவே, இனி எதற்கு வெட்டு என்றும் கேட்கலாம். அவையும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. செமகுளுரைட் ஊசியை நிறுத்தியவர்கள் ஒரு வருடத்துக்குள் குறைந்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள் என்று 2022 இல் வந்தது. பிறசர் குளிசையை நிறுத்தினால் பிறசர் ஏறும். ஏறினால் "குளிசை போட்டும் பிறசரைத் திரும்ப ஏத்திப்போட்டாள்" என்று ஒருத்தரும் சொல்வதில்லை. உடற்பருமனும் அந்த வகை நோய். சத்திரசிகிச்சைக்குப் பிறகு நிறை ஏறினால் இந்த மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது இப்போது உலகில் நடைமுறை. தோற்றுப்போனதற்கான தண்டனையாக இல்லை, சிகிச்சையின் அடுத்த படியாக. ஆனால் அதற்கு ஏறத் தொடங்கியது ஐந்தாம் கிலோவில் தெரியவேண்டும், முப்பதாம் கிலோவில் இல்லை. வெட்கப்பட்டு ஒளிக்கிறவருக்கு ஐந்தாம் கிலோவில் ஆர் தராசு நீட்டுவது?

இந்த இடத்தில்தான் எங்கள் நாட்டைப் பற்றி ஒரு நல்ல விசயம் சொல்லவேண்டும். பின்தொடர்வது எப்படி என்று இலங்கைக்குத் தெரியும். ஒரு பெண் கர்ப்பமானால் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருவா. கிளினிக்குக்குப் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று படலையில் நின்று கேட்பா. பிள்ளை பிறந்தால் கொப்பியில் நிறைக்கோடு கீறப்படும், கோடு சரிந்தால் தாயைக் கூப்பிட்டு இருத்திப் பேசுவார்கள். திட்டுவதும் உண்டு, ஆனால் விடமாட்டார்கள். சலரோகக்காரரும் பிறசர்காரரும் கிளினிக் கொப்பியோடு மந்திகை ஆதார வைத்தியசாலையில் மாதாமாதம் வரிசையில் நிற்கிறார்கள். போரிலும் இடப்பெயர்விலும் சனம் கைவிடாமல் காவித்திரிந்த சாமான்களில் இந்தக் கொப்பிகளும் அடக்கம். இப்படியொரு நாட்டில் இரைப்பையை வெட்டின ஒருவருக்கு மட்டும் கொப்பி இல்லை என்பது வசதியின்மை இல்லை, நினைப்பின்மை.

களுபோவிலயில் உள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலையில் அரச செலவில் இந்தச் சத்திரசிகிச்சை நடக்கிறது. நல்லது. ஆனால் வடமராட்சியிலிருந்து ஒவ்வொரு பின்பார்வைக்கும் 400 கிலோமீற்றர் போகச் சொன்னால் மூன்றாம் தரம் ஆரும் போகார். வெட்டுவதற்குத்தான் கொழும்பும் சென்னையும் வேண்டும். பின்பார்வைக்கு வேண்டியது ஒரு தராசு, இரத்தப் பரிசோதனை, சில மலிவான குளிசைகள், ஒரு போசணையாளர், தேவைப்பட்டால் ஒரு உளவளத்துணையாளர். இவை எல்லாம் ஏற்கெனவே ஆதார வைத்தியசாலைக் கட்டமைப்புக்குள் ஏதோவொரு அறையில் இருக்கின்றன. சலரோகக் கிளினிக்கிலேயே மாதம் ஒருநாள் ஒதுக்கலாம். எங்கே செய்தாய், களுபோவிலயோ சென்னையோ லண்டனோ என்று பார்க்காமல், செய்த எல்லாருக்கும். "தனியாரிடம் போய்ச் செய்துபோட்டு இப்ப எங்களிட்ட வாறியளோ" என்ற கேள்வியைக் கேட்காமல். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் கனபேர் வருவதே இல்லை.

தனியாருக்கும் ஒரு நிபந்தனை வேணும். ஐந்து வருடப் பின்பார்வையை விலைக்குள் சேர்க்காமல் இந்தச் சத்திரசிகிச்சையை விற்கக்கூடாது. எத்தனை பேருக்குச் செய்தோம் என்று பெருமையாகப் பதாகை வைக்கிறவர்கள், ஐந்தாம் வருடத்தில் அவர்களில் எத்தனை பேர் இன்னும் தொடர்பில் இருக்கினம், அவர்களின் நிறை என்ன என்பதையும் அதே பதாகையில் போடட்டும். முதல் வருடப் படத்தை மட்டும் போடுவது, கலியாண வீட்டு அல்பத்தைக் காட்டிக் குடும்பம் நல்லா இருக்கு என்று சொல்வது மாதிரி.

உங்கள் வீட்டில் ஆரும் இதற்கு ஆயத்தமாகிறார்கள் என்றால், காசு கட்டமுதல் கேட்கவேண்டியவை இருக்கின்றன. மூன்றாம் வருடம் என்னை ஆர் பார்ப்பார், பெயர் என்ன? நான் ஊரிலிருந்து எந்த இரத்தப் பரிசோதனைகளை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை எடுத்து அனுப்பவேண்டும்? என்ன குளிசை, எவ்வளவு காலம், நெல்லியடிப் பாமசியில் கிடைக்குமோ? பிள்ளை பெற நினைத்தால் எப்போது, அதுவரைக்கும் எந்தக் கருத்தடை? பத்தாம் வருடம் என் நிறை எவ்வளவாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள், மேலதிக நிறையின் வீதத்தில் இல்லை, கிலோவில் சொல்லுங்கோ. செய்த சத்திரசிகிச்சையின் முழு விபரமும் எழுதின தாள் ஒன்றைக் கையில் தருவீர்களோ? கடைசிக் கேள்விக்கு மறுக்கிற இடத்தில் வயிற்றைக் கொடுக்கவேண்டாம். அந்தத் தாளைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு, ஒரு நாப்பது பக்கக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கோ. மற்றப் பக்கங்களில் மாதம் ஒருக்கா நிறையையும் திகதியையும் எழுதிக்கொண்டு வாங்கோ, ஏறினாலும் எழுதுங்கோ. மந்திகையில் அப்படியொரு கிளினிக் திறக்கும்வரைக்கும் உங்களிடம் இருக்கிற கிளினிக் அந்தக் கொப்பிதான்.